‘ரீஸெண்ட்லி’ என்றால் எப்பொழுது?

தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவன் கைக்கு வந்து சேரும் தாள்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலானவை படித்தவுடன் கோப்பிற்குள் போய்த் தூங்குபவை. சில தாள்கள் மட்டும் படித்தவனைத் தூங்கவிடுவதில்லை. அத்தகைய தாள் ஒன்றை எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தமது பழைய பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தார். முன்னாளில் தோட்டத்தை நிர்வகித்த துரை ஒருவர் ஆங்கிலத்தில் தட்டெழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த நற்சான்று அது. தேதி இருந்த மேல்மூலையைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சிய வாசகத்தின் பொருள் இவ்வளவே: இன்னார் இத்தோட்டத்தில் அண்மையில் சேர்ந்தவர், ஒழுங்காக வேலை செய்து வருகிறார்.

பெரியவரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. வேறொரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். இந்நாட்டில் எவ்வளவு காலமாக வாழ்ந்து வருகிறார் என்பதற்குத் தாளில் ஆதாரம் காட்ட வேண்டும். அவரிடமுள்ள தாள்களில் மிகப் பழையது இந்த நற்சான்றுதான். அதை வாங்கிப் பார்த்த அலுவலர், ‘ரீஸெண்ட்லி’ என்னும் ஒரு சொல்லின் கீழ்க் கோடிழுத்து, இஃது எந்த ஆண்டு என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“நான் இங்க சேர்ந்தது அதுல போட்டிருக்குல்ல, கிராணி ஐயா?” என்றார் பெரியவர்.

“போட்டிருக்கு தாத்தா. எப்பன்னுதான் போடலை.”

அன்றிரவு முழுதும் அந்தச் சொல்லே என் மனத்தில் உருண்டுகொண்டிருந்தது. பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ‘நியூலி’, ‘லேட்லி’, ‘ரீஸெண்ட்லி’, ‘ஜஸ்ட்’ என்னும் வினையடைகளை ஒரே வரிசையில் எழுதி, இவையனைத்தும் ஒரே பொருளன என்று ஒப்பிக்கச் செய்தார். நாமும் ஒப்பித்தோம். ஒவ்வொன்றும் வெவ்வேறு வீட்டிலிருந்து புறப்பட்டு வந்து ஒரே வேலையில் அமர்ந்த ஆள் என்பதை எவரும் நமக்குச் சொல்லவில்லை. பிரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைப்போல் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே தோன்றும். அருகிற் சென்று ஊர் எது, பெற்றோர் யார் என்று கேட்டால்தான் வேற்றுமை புலனாகும். அவ்வாறு கேட்டறிந்த செய்திகளையே ஈண்டு எழுதுகின்றேன்.

இவற்றுள் மூத்தது ‘நியூலி’. ‘நியூ’ என்னும் அதன் பகுதி ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் குடியேறுமுன்பே அவர்கள் வாயில் இருந்த சொல். லத்தீனில் ‘நோவுஸ்’, கிரேக்கத்தில் ‘நெயோஸ்’, வடமொழியில் ‘நவ’ என்பன அதன் உடன்பிறப்புக்கள். நாம் நவீனம் என்று சொல்லும்பொழுது அறியாமலே ‘நியூ’வின் உறவினரை அழைக்கின்றோம். நூதனம் என்பதில் உள்ள ‘நூ’வும், ஆங்கிலத்தில் இப்பொழுது என்று பொருள்படும் ‘நௌ’ என்பதும் ஒரு தாய் மக்களே.

‘நியூலி’யின் கடையிலுள்ள ‘லி’ சுவையான கதையுடையது. இன்று அது வெறும் விகுதி. பழைய ஆங்கிலத்திலோ ‘லீச்’ என்றால் உடம்பு. இங்கிலாந்தின் பழைய மாதாகோயில்களில் பிணத்தை இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருக்கும் கூரையிட்ட வாயிலுக்கு ‘லிச்கேட்’ என்று பெயர். அந்தப் பெயரில் அவ்வுடம்பு இன்னும் கிடக்கிறது. ஆகவே ‘நியூலி’ என்றால் முதலில் புதிய உடம்போடு, புதிய வடிவோடு என்று பொருள். தமிழில் மெய் என்னும் சொல் உடம்பையும் உண்மையையும் ஒருங்கே குறிப்பதையும், மெய்யாக என்று நாம் சொல்வதையும் எண்ணிப் பார்க்கின், உடம்பிலிருந்து வினையடை பிறப்பது அத்துணை வியப்பன்று என்று தோன்றும். இவ்விகுதி இல்லாமலே ‘நியூ’ தனித்து நின்று வினையடையாக வேலை செய்த காலமும் உண்டு. அன்றைக்கு இட்ட முட்டையையும், பிறந்த குழந்தையையும், அறுத்த புல்லையும் குறிக்கும் கூட்டுச் சொற்களில் அப்பழைய வழக்கு இன்றும் உயிரோடிருக்கிறது.

பத்திரிகை படிப்பவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. ‘நியூஸ்’ என்னும் சொல் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நாற்றிசைகளின் முதலெழுத்துக்களால் ஆயது என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே பலர். அது கட்டுக்கதை. புதியவை என்று பொருள்படும் ‘நியூ’வின் பன்மையே ‘நியூஸ்’. பிரெஞ்சுக்காரர் வழக்கைப் பார்த்து ஆங்கிலேயர் அமைத்துக்கொண்டது. புராணங்களை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லும் நாம், ஆங்கிலத்தில் வந்தது என்பதற்காக இப்புராணத்தை மட்டும் நம்புவது முறையன்று.

நிற்க. ‘லேட்லி’யின் கதை இதற்கு நேர்மாறானது. ‘லேட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் மந்தமான, சோம்பலான என்பதே பொருள். லத்தீனில் களைத்துப்போனவன் என்று பொருள்படும் ‘லாஸ்ஸுஸ்’ என்பதற்கும் இதற்கும் உறவு உண்டு என்பர். ‘லேட்லி’யின் பழைய வடிவத்துக்கும் மெதுவாக என்றே பொருள். மெதுவாக வருபவன் பிந்தி வருவான். பிந்தி வந்தது காலவரிசையில் நமக்கு அணித்தாக நிற்கும். இப்படிப் படிப்படியாக நகர்ந்து, 15-ம் நூற்றாண்டின் பிற்பகுதியளவில் ‘லேட்லி’ என்பது அண்மையில் என்னும் பொருளை எய்தியது. சோம்பேறிக்குக் கிடைத்த பதவி உயர்வு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் பிறந்த இன்னும் இருவரைப் பாருங்கள். ‘லேட்’ என்பதன் உச்ச வடிவமே ‘லாஸ்ட்’. கடைசி என்று பொருள். பின்னர் மற்றொரு முறை அதே பகுதியிலிருந்து ‘லேட்டஸ்ட்’ என்னும் வடிவம் அமைக்கப்பட்டது. மிகப் புதியது என்று பொருள். ஒரு வேரிலிருந்து கடைசி என்பதும் புதியது என்பதும் கிளைத்தன. இறந்தவரை ‘லேட்’ என்று குறிக்கும் வழக்கமும் 15-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இதனால் விளையும் குழப்பம் கொஞ்சமன்று. வேலையிலிருந்து விலகிப் பட்டணத்தில் சுகமாக வாழும் ஒருவரை, முன்னாள் தண்டல் என்று எழுதக் கருதி, இளங்கிராணி ஒருவர் ‘லேட் தண்டல்’ என்று எழுதிவிட, அவர் வீட்டுக்கு இரங்கற் கடிதம் போனதுண்டு. எழுதிய இளங்கிராணி யார் என்று வாசகர்கள் கேட்க வேண்டாம்.

இனி நம்முடைய ‘ரீஸெண்ட்லி’. இது லத்தீன் வீட்டிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கில எழுத்தில் 16-ம் நூற்றாண்டு முதல் வழங்குகிறது. லத்தீனில் ‘ரெகென்ஸ்’ என்றால் கெடாத, வாடாத, ஆறாத என்று பொருள். அப்பொழுதே கறந்த பால், ஊற்றிலிருந்து எடுத்த நீர், இரத்தம் காயாத புண் ஆகியவற்றை அச்சொல்லால் குறித்தனர். அதாவது, தொட்டும் முகர்ந்தும் அறியக்கூடிய புதுமை. காலையில் மரத்தில் வெட்டிய பால், கோப்பையிலேயே விட்டுவிட்டால் மாலைக்குள் உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். லத்தீன்காரனுடைய ‘ரெகென்ஸ்’ அத்தகைய சில மணி நேரப் புதுமை. ஆங்கிலத்துக்கு வந்தபின் அதற்கு நாளும் மணியும் அற்றுப் போயின.

எவ்வளவு தூரம் அற்றுப் போயின என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸர் சார்ல்ஸ் லையெல் என்னும் நிலநூற் புலவர் 1833-ம் ஆண்டில் தமது பெருநூலின் மூன்றாம் பாகத்தை வெளியிட்டார். மண்ணடுக்குகளில் கிடைக்கும் சிப்பிகளை எடுத்து, அவற்றுள் இன்றும் கடலில் உயிரோடு காணப்படும் இனங்கள் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டு, அக்கணக்கின்படி அடுக்குகளுக்குப் பெயரிட்டார். பெயரிடுவதில் வில்லியம் ஹியூவெல் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் துணை நின்றார். புதியது, அண்மையது என்று பொருள்படும் ‘கைனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை அடியாக வைத்துக்கொண்டனர். இன்றைய இனங்கள் மிகச் சிலவாகவே தென்படும் அடுக்கு ‘இயோசீன்’, அதாவது அண்மையின் விடியல். அதற்கு மேலது ‘மையோசீன்’, குறைந்த அண்மை. அதற்கும் மேலது ‘பிளையோசீன்’, மிகுந்த அண்மை. 1839-ம் ஆண்டில் ‘பிளைஸ்டோசீன்’ என்னும் மிக மிக அண்மையையும் லையெல் சேர்த்தார். நாம் வாழும் காலத்துக்கு வெறுமனே ‘ரீஸெண்ட்’ என்றே பெயர் வைத்தார். பின்வந்தோர் அதனை ‘ஹோலோசீன்’ என்றாக்கினர். முழுதும் அண்மை என்று பொருள்.

அண்மையின் விடியல் என்றாரே, அது தொடங்கி எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? ஏறக்குறைய 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகள்! மிக மிக அண்மை தொடங்கி 25 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள். முழுதும் அண்மை என்னும் நம் காலமே 11,700 ஆண்டுகளுக்குமுன் தொடங்கியது. லையெல் பிழை செய்தார் என்று சொல்வதற்கில்லை. மலையின் வயதை அளப்பவனுக்கு அது அண்மைதான். பால் கறப்பவனுக்கு அண்மை வேறு. சொல் ஒன்றே, அளவுகோல் சொல்பவனுடையது. அவன் எங்கு நின்று பார்க்கிறான் என்று தெரியாமல் ‘ரீஸெண்ட்லி’ என்பதற்குப் பொருள் காண முடியாது.

‘ஜஸ்ட்’ என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். நீதி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, நேர்மையான என்பதிலிருந்து நேரான, சரியான என்றாகி, சரியாக அந்தக் கணத்தில் என்றாகி, 17-ம் நூற்றாண்டளவில் இப்பொழுதுதான் என்னும் பொருளில் வந்து நின்றது. நீதிமன்றத்திலிருந்து கடிகாரத்துக்கு வந்த சொல். ஆனால் நேர்மை முழுவதும் அதனுடன் வரவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘ஜஸ்ட் நௌ’ என்றால் சற்றுமுன். காலையில் நடந்ததையும் மாலையில் அப்படிச் சொல்வோம். தென்னாப்பிரிக்காவில் ‘ஜஸ்ட் நௌ’ வருகிறேன் என்றால், இனிமேல் எப்பொழுதாவது வருவேன் என்று பொருள். இவ்விரு நாட்டாரும் ஒருவருக்கொருவர் வேளை குறித்துக்கொண்டால் ஒருவர் போனபின் மற்றவர் வருவார்.

‘மாடர்ன்’ என்பது வினையடையன்று. ஆயினும் ஒரு வினையடையின் மகள். லத்தீனில் ‘மோடோ’ என்றால் இப்பொழுதுதான். அதிலிருந்து கி. பி. 5-ம் நூற்றாண்டின் இறுதியில் ‘மோடெர்னுஸ்’ என்னும் சொல் எழுதப்படத் தொடங்கியது. உரோமப் பேரரசு மேற்கே வீழ்ந்து கிடந்த காலத்தில், முன்னோர் காலம் வேறு, நம் காலம் வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது, அதற்காகப் பிறந்தது. ஆக, நாகரிகத்தின் நுனி என்று நாம் கருதும் அச்சொல்லுக்கு வயது ஆயிரத்தைந்நூறு. ஷேக்ஸ்பியரோ அதைச் சாதாரணமான, அன்றாடமான என்னும் இழிபொருளில் வழங்கினார்.

புதுமையைக் குறிக்கும் சொற்கள் இவ்வாறு இழிபொருளுக்கு இறங்குவது ஆங்கில வரலாற்றில் பலமுறை நடந்திருக்கிறது. சீர்திருத்தம் பேசுவோர் சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. ‘நியூஃபாங்கிள்ட்’ என்னும் சொல்லைச் சாஸர் காலத்தில் புதியதைக் கண்டவுடன் பாய்ந்து பற்றும் மனிதன்மேல் ஏற்றிச் சொன்னார்கள். பிற்பட்ட நூற்றாண்டுகளில் பழி மனிதனை விட்டுப் பொருளின்மேல் ஏறியது. வேண்டாத புதுச்சரக்கு என்பதே இன்று அதன் பொருள்.

இதனினும் கொடியது ‘இன்னோவேஷன்’ பட்ட பாடு. புதுமை செய்தல் என்று பொருள்படும் இச்சொல்லை இக்காலத்தில் அரசாங்கங்களும் கம்பெனிகளும் மாலையிட்டு வரவேற்கின்றன. 1548-ம் ஆண்டில் ஆறாம் எட்வர்ட் மன்னன் பெயரால் ஓர் அறிவிப்பு வெளிவந்தது. மாதாகோயிற் சடங்குகளில் எவனும் தன் விருப்பப்படி புதுமை செய்யலாகாது, செய்தால் தண்டனை என்பது அதன் சாரம். வேடிக்கை யாதெனில், அந்த அரசாங்கமே அவ்வேளையில் நாட்டின் சமயத்தை அடியோடு மாற்றிக்கொண்டிருந்தது! அரசு செய்தால் திருத்தம். குடி செய்தால் புதுமை. 1636-ம் ஆண்டில் ஹென்றி பர்ட்டன் என்னும் பாதிரியார், நாட்டின் தலைமைக் குருமார்களே சடங்குகளில் புதுமை புகுத்துகிறார்கள் என்று மேடையேறிக் குற்றஞ்சாட்டினார். அவர்களோ புதுமைக்காரன் நீதான் என்று திருப்பினார்கள். அடுத்த ஆண்டில் பர்ட்டனைத் தண்டமரத்தில் நிறுத்தி இரண்டு காதுகளையும் அறுத்து, ஆயுட்காலச் சிறையும் விதித்தனர். மூன்றாண்டுக்குப் பின் பாராளுமன்றம் அவரை விடுவித்தது. காதுகளை யார் விடுவிப்பது? இரு கட்சியாரும் தாம் பழமையைக் காப்பவர் என்றே கூறிக்கொண்டனர். புதியது என்னும் சொல்லை ஒருவர்மேல் ஒருவர் கல்லாக எறிந்தனர். நம்மிடத்திலும் விதவை மணத்தையும் சாதியொழிப்பையும் பேசியவர்களை நோக்கி, நேற்று முளைத்தவை என்று எறியப்பட்ட கல் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இதுகாறும் சொன்னவை இறந்தகாலத்தின் அருகை நோக்குபவை. எதிர்காலத்தின் அருகை நோக்கும் வினையடைகளும் இவ்வாறே வழுக்கியிருக்கின்றன; அவற்றின் வழுக்கல் இன்னும் தெளிவு. ‘ஸூன்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் உடனே, அக்கணமே என்று பொருள். இன்று விரைவில் என்றாகிவிட்டது. ‘பிரெஸெண்ட்லி’ என்பதும் ‘பை அண்ட் பை’ என்பதும் 1611-ம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் உடனே என்னும் பொருளில் வருகின்றன. யோவானுடைய தலையைத் தட்டிலே வைத்துத் தரும்படி ஏரோதியாளின் மகள் கேட்குமிடத்தில் ‘பை அண்ட் பை’ என்பதே சொல். அவள் கேட்டது அந்தக் கணத்தில். இக்காலத்து ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் அதைப் படித்தால், ஆற அமரப் பிறகு தந்தாற் போதும் என்று அவள் பெருந்தன்மையோடு சொன்னதாக எண்ணிக்கொள்வான். ஒரு தலை போகும் நேரத்தைச் சொல்லும் சொல்லே இப்படித் தேய்ந்துபோயிற்று!

‘அனான்’ என்பதும் ஒரே பாய்ச்சலில், உடனே என்று பொருள்பட்டது. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதற்பாகத்தில், மதுக்கடைச் சிறுவன் ஒருவனை இளவரசன் ஒரு பக்கத்திலிருந்தும் தோழன் மறுபக்கத்திலிருந்தும் கூப்பிட்டு அலைக்கழிக்க, அவன் வாயில் அந்த ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. சொல்கிறான், வரவில்லை. சொல் எவ்வாறு தேய்கிறது என்பதை அச்சிறுவன் நம் கண்முன் காட்டிவிட்டான். இதற்கு ஷேக்ஸ்பியரிடம் போவானேன்? நம் காப்பிக் கடையில் உட்கார்ந்து தேநீர் கேளுங்கள். “இதோ!” என்று குரல் வரும். இதோ என்பது கையால் சுட்டிக் காட்டும் பொருள் கண்முன் நிற்கிறது என்பதற்கான சொல். குரல் வந்து கால்மணி ஆகியும் கண்முன் ஒன்றும் நிற்பதில்லை. ஆங்கிலேயனுக்குச் சோம்பல் நம்மைவிடக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் அவனுடைய வினையடைகளைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும்.

இவற்றையெல்லாம் நாம் எவ்வாறு அறிகின்றோம்? சொல்லுக்குத் தேதி போட்டு வைத்த ஓர் அகராதியினால். 1857-ம் ஆண்டில் லண்டனிலுள்ள மொழிநூற் கழகத்தார், இருக்கும் அகராதிகள் போதா என்று கண்டு புதிய முயற்சி ஒன்றைத் தொடங்கினர். ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எந்த நூலில், எப்பொருளில் முதன்முதல் வந்தது, பின்னர் எவ்வாறு மாறியது என்பதை எடுத்துக்காட்டோடு நிறுவ வேண்டும் என்பது நோக்கம். ஜேம்ஸ் மர்ரே என்னும் ஸ்காட்லாந்துக்காரப் பள்ளியாசிரியர் 1879-ம் ஆண்டு முதல் பதிப்பாசிரியராக அமர்ந்தார். தகரக் கொட்டகை ஒன்றில் சுவரெங்கும் பொந்துகள் அமைத்து, நாடெங்கிலுமிருந்து தொண்டர்கள் எழுதியனுப்பிய சீட்டுக்களை அடுக்கினார். பல்கலைக்கழகப் புலவர்கள் மட்டுமல்லர். ஊதியமின்றி நூல்களைப் படித்து, கண்ட சொல்லையும் ஆண்டையும் சீட்டில் எழுதி அஞ்சலிட்ட பொதுமக்களே அவ்வேலையின் கைகால்கள். 1884-ம் ஆண்டில் முதற்பகுதி வெளிவந்தது. அகரவரிசையில் முதலெழுத்தையே அது முடிக்கவில்லை. மர்ரே 1915-ம் ஆண்டில் காலமானார். பணி முடிந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1928-ம் ஆண்டில்தான் அகராதி முற்றுப்பெற்றது.

அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘புதிய ஆங்கில அகராதி’. முதற்பகுதி வந்த நாளில் பிறந்த குழந்தைக்கு, கடைசிப் பகுதி வரும்பொழுது வயது நாற்பத்து நான்கு. 1933-ம் ஆண்டில் பின்னிணைப்போடு மறுபடி அச்சிட்டபொழுது ‘புதிய’ என்பதைக் கழற்றிவிட்டு ‘ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி’ என்று வைத்தார்கள். எல்லாச் சொற்களுக்கும் தேதி தேடியவர்கள், தங்கள் தலைப்பில் மட்டும் தேதியற்ற சொல்லை வைத்து, ஐம்பதாண்டு கழித்துத் திருத்திக்கொண்டனர். எல்லோரும் இப்படித் திருத்திக்கொள்வதில்லை. ஆக்ஸ்போர்டிலேயே 1379-ம் ஆண்டில் நிறுவிய கல்லூரிக்கு இன்றும் புதுக்கல்லூரி என்றே பெயர். பாரிஸ் நகரில் ஸேன் ஆற்றின்மேல் இன்று நிற்கும் பாலங்களில் மிகப் பழையதற்குப் பெயர் புதுப்பாலம். 1607-ம் ஆண்டில் கட்டி முடித்தது. நம் பக்கத்தில் ஜோகூர் பாருவைப் பாருங்கள். தஞ்சோங் புத்ரி என்றிருந்த ஊருக்கு 1866-ம் ஆண்டில் அபூபக்கர் இட்ட பெயர் அது. புதிய ஜோகூர் என்று பொருள். மலாயில் ‘பாரு’ என்பது புதியது என்றும் பொருள்படும். இப்பொழுதுதான் என்று வினைக்கும் அடையாகும். ஊர் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பெயர் இன்னும் இப்பொழுதுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம் மொழியில் இந்த வேலைக்குச் சமீபத்தில் என்றும் அண்மையில் என்றும் சொல்கிறோம். முன்னது வடசொல், பின்னது தென்சொல் என்பதைத் தவிர, எண்ணம் ஒன்றே: இரண்டும் அருகு என்று இடத்தைக் குறித்துப் பின் காலத்துக்கு வந்தவை. ஆங்கிலேயன் அண்மையைச் சோம்பலிலிருந்தும், கெடாத பாலிலிருந்தும், நீதியிலிருந்தும் எடுத்தான். நாம் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தோம். பக்கத்து வீடு என்பதற்கும் அந்தக் குறை உண்டு. யாருடைய வீட்டுக்குப் பக்கம் என்று சொல்ல வேண்டும்.

சட்டம் எழுதுவோர் இதை நன்கு அறிவர். 1948-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டரசு உடன்படிக்கையில், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவோருக்கு விதித்த நிபந்தனைகளில் ‘ரீஸெண்ட்லி’ என்றோ ‘லேட்லி’ என்றோ எழுதி வைக்கவில்லை. கூட்டரசில் பிறந்தவராயின் முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். பிறவாதவராயின் முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள். எண்ணிக்கைதான். ஆனால் அந்த எண்ணிக்கையைத் தொழிலாளி எங்கிருந்து கொண்டுவருவான்? அவனைப் பற்றித் துரையும் கிராணியும் கண்டக்டரும் எழுதிக் கொடுத்த தாள்களிலிருந்து. அத்தாள்களில் இருந்தவை நேற்று வந்தவன், புதிதாகச் சேர்ந்தவன், அண்மையில் இறங்கியவன் என்னும் சொற்கள். மேடைப் பேச்சில் இச்சொற்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வரும். விண்ணப்பத்தில் ஓர் ஆண்டுக்குக்கூட உதவா.

பெரியவருடைய தாளுக்குத் திரும்புவோம். மறுநாள் முதல் ஆபீசின் பின்புறச் சாமான் அறையில் பழைய செக்ரோல் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். எலி கடித்தவை, மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டவை, அட்டை இழந்தவை. நான்காம் நாள், 1964-ம் ஆண்டுக்குரிய புத்தகத்தில் பெரியவர் பெயர் கிடைத்தது. தகப்பனார் பெயரும் எதிரில் இருந்தது. அம்மாதத்தில் இருபத்து மூன்று நாள் வேலை, ஒரு நாள் அரைப்பேர். அதற்கு முந்திய புத்தகங்கள் இல்லை. ஆகையால் அவர் சேர்ந்தது அதற்கும் முன்பா என்பதை நான் எழுத முடியவில்லை.

நற்சான்றில் கையொப்பமிட்ட துரை யார் என்பது அடுத்த கேள்வி. அதற்கு அலையவேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் முன்கூடத்துச் சுவரில், இத்தோட்டத்தை நிர்வகித்த துரைமார் பெயர்களை ஆண்டோடு எழுதிய மரப்பலகை தொங்குகிறது. அந்தத் துரை பொறுப்பேற்றது 1971-ம் ஆண்டு. எனவே நற்சான்று எழுதிய நாளில் பெரியவர் இத்தோட்டத்தில் குறைந்தது ஏழாண்டு உழைத்திருந்தார். இருவரில் புதிதாக வந்தவர் துரை. தாம் வந்தபின் கண்ட முகங்களெல்லாம் அவருக்குப் புதிய முகங்களாகவே தோன்றியிருக்கும். அவருடைய வீட்டுக்குப் பக்கமாக அண்மையை அளந்துவிட்டார். எழுதுகோல் அவர் கையில் இருந்தது.

செக்ரோல் பக்கத்தைப் படியெடுத்து, மரப்பலகையையும் படம் பிடித்து, ஆண்டுகளை எண்ணில் எழுதி, ஒரு வினையடையும் இல்லாத கடிதம் ஒன்றோடு அனுப்பிவைத்தேன். ஆறு வாரத்தில் மலாய் மொழியில் பதில் வந்தது. ஆதாரங்கள் கிடைத்தன, முடிவு மிக அருகிலுள்ள காலத்தில் தெரிவிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். மலாயிலும் அருகு என்னும் சொல்லே அந்த வேலையைச் செய்கிறது.

படித்துச் சொன்னேன். பெரியவர் கடிதத்தைக் கையில் வாங்கினார். மடித்து டின்னில் வைக்குமுன் என்னிடமே திரும்ப நீட்டினார்.

“மேல தேதி போட்டிருக்கான்னு பாருங்க ஐயா.”

போட்டிருந்தது. கரையான் எட்டாதபடி ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கொடுத்தேன்.